சொல்லாத ஸலாம்

கதவைத் திறந்தால் இன்ஷிராவின் வாயில் ஸலாம் தானாக வந்துவிடும். வீடென்றாலும் சரி, எலிகள் இருக்கும் ஆய்வுகூடமென்றாலும் சரி. ஊரான சாய்ந்தமருதில் அவளுக்கு 'எலி டொக்டர்' என்று ஏற்கெனவே பட்டம் வைத்தாயிற்று. எலிக்கு ஸலாம் சொல்வதும் தெரிந்திருந்தால் இன்னும் என்னென்ன வைத்திருப்பார்களோ. வயதான எலிகள் மனிதரைப் போலத்தான் மறக்கின்றனவா, மறதி நோய்க்கான மருந்தை அவற்றில் சோதிப்பதில் அர்த்தமுண்டா என்பதுதான் அவளுடைய ஆய்வு. வட்டத் தொட்டியில் பால் கலந்த தண்ணீர், அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. இடத்தை நினைவில் வைத்திருக்கும் எலி நேராக நீந்திப்போய் ஏறிக்கொள்ளும். முடி உதிர்ந்த கிழட்டு எலிகளும் நேராகத்தான் போயின. மறக்காத எலியில் மறதி மருந்தைச் சோதிக்க முடியாது; ஆய்வுக்கு அது நல்ல செய்தியல்ல. ஆனாலும் இன்ஷிராவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவளுடைய உம்மா ஹாஜறாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கள் போய்விட்டன, தொழுததும் தொழாததும் குழம்பிவிட்டது. மகளை மட்டும் இன்னும் தெரியும். அது போய்விடக் கூடாதென்றுதான் இன்ஷிரா ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்தினாள்.

கூட ஆய்வு செய்யும் தங்கேஸ்வரிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். எலியைத் தண்ணீரில் விடுவது அவள் வேலை. அந்நேரம் பக்கத்து அறையில் கமராவை முடுக்கிவிட்டு, இன்ஷிரா கதவைத் திறந்து ஸலாம் சொல்லியபடி வருவாள். மேடை இருந்தது கதவுப் பக்கம்.

"இதுகள் ஒண்டையும் ஞாபகம் வைக்கல்ல இன்ஷிரா. உங்கட குரலைப் பிடிச்சுத்தான் நீந்துதுகள்."

மறுநாள் இன்ஷிரா வாயைத் திறக்காமல் வந்தாள். கிழட்டு எலிகள் களைத்துப்போகும்வரை சுற்றிச் சுற்றி நீந்தின. "பிறகென்ன, ஆய்வுக்குத் தோதான எலிகள்தானே" என்று தங்கேஸ்வரி சிரித்தாள். இன்ஷிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. உம்மாவுக்குத் தெரிவது என்னையா, என் ஸலாத்தையா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, ஸலாம் சொல்லாமலே வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள்.

கதிரையில் உட்கார்ந்திருந்த ஹாஜறா முகத்தை நிமிர்த்தினாள். "வஅலைக்குமுஸ்ஸலாம். வந்திட்டியா இன்ஷிரா?"

இன்ஷிரா வாயே திறக்கவில்லை. உம்மாவின் கண்ணும் அவளில் இல்லை, அவளுக்குப் பக்கத்து வெறும் இடத்தில் இருந்தது. "வெயிலுக்குள்ளால வந்திருக்காய். போய் முகத்தக் கழுவு மகள்." அந்தப் பார்வை, நடந்துபோகும் ஒருத்தியைத் தொடர்வதுபோல மெல்ல நகர்ந்து அறை வாசல்வரை போய் நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா" என்றாள் இன்ஷிரா அவசரமாக.

ஹாஜறா அப்போதுதான் அவளைக் கண்டதுபோல முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள். "வஅலைக்குமுஸ்ஸலாம். ஆரு புள்ள நீங்க? இன்ஷிராவத் தேடியா வந்தீங்க? இருங்க, இப்பதான் உள்ளுக்குப் போனா." பிறகு அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மகள், ஒன்னத் தேடி ஆரோ வந்திருக்காங்க!"

இன்ஷிரா எதிர்க் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தன் அறை வாசலில் தொங்கிய திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.