கூரை என் பொறுப்பு

நெஜாத்தின் கார் மலையேறி வரும் சத்தம் கேட்டபோது நான் கூரைமேல் இருந்தேன். வாயில் ஆணிகள், கையில் சுத்தியல், இடுப்பில் கயிறு. நெஜாத் என் கொழுந்தன். அன்றைக்கு வீடு வாங்க ஆளைக் கூட்டிக்கொண்டு வருவான் என்று தெரியும். அதற்குள் பாதிக் கூரையையாவது மூடிவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். வருகிறவன் ஓட்டைக் கூரையைப் பார்த்து மனசுக்குள் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விற்கப் போகிற வீட்டுக்கு எதற்குக் கூரை என்று நெஜாத் ஃபோனில் கேட்டிருந்தான். விற்கப் போவதாக யார் சொன்னது என்று நான் கேட்டேன். "அண்ணன்தான் சொன்னாரு" என்றான்.

சிக்கலே அங்கேதான். பனிக்காலத்தில் என் வீட்டுக்காரர் ரிஃபெத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது. "ஆகட்டும்." போஸ்னியாவில் நாளெல்லாம் எல்லாரும் சொல்கிற சொல். காப்பி குடிக்கலாமா? ஆகட்டும். நாளைக்குப் பார்க்கலாமா? ஆகட்டும். இப்போது அவருக்கு உலகமே அந்த ஒரு சொல்தான். வலிக்கிறதா என்றாலும் ஆகட்டும், வலி விட்டதா என்றாலும் ஆகட்டும், கூடவே தலையும் ஆடும். "வித்துடலாமா அண்ணே?" என்று நெஜாத் கேட்டிருக்கிறான். பதில் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலமே நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டை நாமளே வெச்சுக்கலாம்தானே?" என்று கேட்டேன். எனக்கும் அதே பதில், அதே தலையாட்டல்.

வீடு அவர் பேரில் இருக்கிறது. அவர் மனசார விற்கச் சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுவேன், அழுதுகொண்டாவது கொடுத்துவிடுவேன். வாயில் ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லை நம்பி மட்டும் கொடுக்க மாட்டேன்.

இந்த வீட்டுக்கு நேர்ந்ததெல்லாம் ஒரு மனுஷனுக்கு நேர்ந்திருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பான். போரில் எரிந்து, கல் அஸ்திவாரம் மட்டும் மிஞ்சியது. அப்புறம் சுற்றிலும் கண்ணிவெடி. மண்டையோட்டுப் பலகைகளைத் தாண்டிப் போக முடியாமல், வருஷக்கணக்கில் கீழே சாலையில் நின்றே பார்த்துவிட்டு வருவோம். "அஸ்திவாரம் நேராத்தான் நிக்குது சும்ரா" என்பார் ரிஃபெத், ஏதோ பிள்ளை பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறது என்பதைப் போல. வெடிகளை எடுத்த பிறகு மரம் வாங்கி நாங்களே கட்டினோம். கூரை வேய்கிற சமயத்தில் டிராவ்னிக் டவுனில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவரைக்கொட்டைக் கஞ்சி குடித்துவிட்டுக் கூரையை முடித்தோம். இந்த வருஷம் நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பனியைத் தள்ள ஆளில்லாமல் உத்தரம் முறிந்து கூரை உட்கார்ந்துவிட்டது. ஊரில் எல்லாருக்கும் இருக்கிற மூளை எனக்கும் இருந்தால் அப்போதே விட்டிருப்பேன். எனக்கு வீம்புதான் இருக்கிறது. ஒரு தச்சரைப் பிடித்து உத்தரத்தை மாற்றினேன். தகரத்தை நானே அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காரிலிருந்து நெஜாத்தும், வெள்ளைக் காலணி போட்ட ஒருவரும் இறங்கினார்கள். முனிப் என்று பெயர். ஆஸ்திரியாவில் வளர்ந்தவராம். இந்தச் சரிவில் வெந்நீர்த் தொட்டியோடு விடுதி கட்டப் போகிறாராம்.

"அண்ணி, கீழ எறங்குங்க!" என்று கத்தினான் நெஜாத். "விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா ரெண்டு பேரையும் நான்தான் சுமக்கணும்!"

"உன்ன யாருடா சுமக்கச் சொன்னது? போன வாரம் மாவு மூட்டையத் தூக்கிட்டே மூச்சு வாங்குன."

அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். பயந்தவன். அண்ணனை வாரா வாரம் டாக்டரிடம் கூட்டிப்போகிறவன் அவன்தான். அதனாலேயே அவனோடு சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது.

நான் ஏணியில் இறங்கினேன். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ரிஃபெத் அடுப்போரம் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். எதிரி வந்தாலும் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியாதே. வரவேற்புக் காப்பி போட்டு, கல்கண்டும் இனிப்பு வில்லையும் வைத்தேன். முனிப் குடித்துக்கொண்டே எந்தச் சுவரை இடிக்கலாம் என்று கண்ணால் அளந்தார்.

"அண்ணே, நல்ல விலை குடுக்குறாரு" என்றான் நெஜாத், காது கேட்காதவரிடம் பேசுவதுபோலச் சத்தமாக. "கீழ டவுன்லயே லிஃப்ட் வெச்ச வீடா பாத்துக்கலாம். அண்ணிக்கும் வயசாவுது. வித்துடலாமா?"

"ஆகட்டும்" என்றார் ரிஃபெத். தலையும் ஆடியது.

"பாத்தீங்களா?" என்று என் பக்கம் திரும்பினான் நெஜாத். முனிப் எழுந்து, வாக்கு முடிந்த மாதிரி கையை நீட்டினார்.

ரிஃபெத் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றி எழுந்து அடுப்புக்குப் போனார். உதவப் போன என்னை முழங்கையால் தள்ளினார். இடது கையாலேயே தண்ணீர் வைத்து, தூள் போட்டு, பொங்கும்வரை நின்றார். பாதித் தூள் அடுப்பில் சிந்தியது. ஊன்றுகோலை அங்கேயே சாய்த்துவிட்டு, காலை இழுத்து இழுத்து ஒரு கோப்பையை முனிப் முன்னால் கொண்டுவந்து வைத்தார். திரும்பிப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தார். பிறகு இனிப்புத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"அட, இன்னொரு காப்பியா!" என்று முனிப் பூரித்துப்போனார். "இந்த மாதிரி உபசாரத்த அங்கெல்லாம் பாக்கவே முடியாதுங்க. அண்ணனுக்கு என்னை ரொம்பப் புடிச்சுப்போச்சு!"

எங்கள் பக்கம் காப்பியில் மூன்று வகை உண்டு. வந்ததும் கொடுப்பது வரவேற்புக் காப்பி. உட்கார்ந்து பேசும்போது பேச்சுக் காப்பி. கடைசியாக வருவது கிளம்பு காப்பி. அதற்கு இனிப்பு கிடையாது. வீட்டுக்காரர் தனக்கு ஊற்றிக்கொள்ள மாட்டார், உட்காரவும் மாட்டார். அது வந்தால் எழுந்து செருப்பைத் தேட வேண்டும் என்று இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். பாவம், முனிப் வளர்ந்த ஊர் வேறு.

நெஜாத்துக்குத் தெரியும். அவன் முகம் காதுவரை சிவந்தது. "அண்ணே..." என்றான். ரிஃபெத் உட்காரவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அதன் நுனியால் அந்த வெள்ளைக் காலணிகளைத் தள்ளித் தள்ளி, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்தார். அப்புறம் தம்பியின் செருப்பையும் திருப்பினார்.

"என்ன பண்றாரு?" என்று கேட்டார் முனிப்.

"குடிச்சு முடிங்க சார்" என்றான் நெஜாத் தரையைப் பார்த்தபடி. "நாம கெளம்பணும். வீடு விக்கிறதுக்கு இல்ல."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் கொட்டியது. எத்தனை மாதமாக இந்த மனுஷனிடம் கேள்வியாகக் கேட்டோம்! டாக்டர் கேட்டார், தம்பி கேட்டான், நான் கேட்டேன். எல்லாருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதை உள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

போகும்போது நெஜாத் அண்ணன் தோளில் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் நின்றான். பிறகு என்னைப் பார்த்து, "ஏணியில பாத்து ஏறுங்க அண்ணி" என்றான். கார் வளைவில் மறைந்தது.

உள்ளே வந்தால் ரிஃபெத் மறுபடியும் அடுப்பருகில் நின்றார். இந்த முறை இரண்டு கோப்பை. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. இனிப்புத் தட்டும் வெளியே வந்தது. எதிரில் உட்கார்ந்தார். பேச்சுக் காப்பி.

நான் பேசினேன். தொழிற்சாலை மூடியதிலிருந்து ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியதுவரை, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். விற்றுவிடுவாரோ என்று பயந்ததையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறைகூடத் தலையாட்டவில்லை.

கடைசியில் ஊன்றுகோலை உயர்த்தி, நான் காலையிலிருந்து அடித்த தகரத்தைக் காட்டினார். இரண்டு தட்டுகளை எடுத்து, கீழ்த் தட்டின் ஓரம் மேல் தட்டின்மேல் ஏறும்படி இனிப்புத் தட்டின்மேல் சாய்த்து வைத்தார். மிச்சமிருந்த காப்பியை ஊற்றினார். காப்பி இடுக்கில் இறங்கி மேஜைமேல் ஓடியது. தட்டுகளை மாற்றி, மேல் தட்டின் ஓரம் கீழ்த் தட்டின்மேல் படியும்படி வைத்தார். காப்பி வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது.

பாதிக் கூரையையும் தலைகீழாக அடுக்கி அடித்திருக்கிறேன். முதல் மழைக்கே மொத்தமும் படுக்கைமேல் கொட்டியிருக்கும். ரிஃபெத் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க.

"சிரிய்யா, நல்லாச் சிரி" என்றேன். "மேல ஏறி எல்லாத்தையும் புடுங்கப்போறது நான்தானே."

மேஜையைத் துடைத்துவிட்டு, ஆணி பிடுங்குகிற குறடை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். அவர் நாற்காலியை இழுத்து இழுத்து வெளியே கொண்டுவந்து, கூரை முழுக்கத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.