நெட்டையின் காதுக்கு ஒரு வரைபடம்

கணிதமும் இயற்பியலும் சேர்ந்த அந்தப் பட்டப்படிப்பில் அவள் உட்பட ஐந்து பேர் சேர்ந்தார்கள். முதல் வருடமே இரண்டு பேர் கம்பி நீட்டினார்கள். அடுத்த வருடம் இன்னொருத்தி, கணிதம் மட்டும் போதும் என்று கும்பிடு போட்டுவிட்டாள். மிஞ்சியது அவளும், உயரத்தால் நெட்டை என்று பெயர் வாங்கிய பையனும்தான்.

இரண்டு துறைகளுக்கும் நடுவே ஒரு பெரிய சாலை. ஒரு வகுப்பு முடிந்து பத்து நிமிடத்தில் சாலையைத் தாண்டி மூன்று மாடி ஏற வேண்டும். கணிதத் துறையில் அவர்களை 'பௌதிகக் கோஷ்டி' என்பார்கள். இயற்பியல் துறையில் 'கணக்குப் பிள்ளைகள்'. எங்கே போனாலும் விருந்தாளிகள்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய அப்பாவுக்கும் கவலை. "ஒரே லிஃப்டுக்கு ரெண்டு மோட்டார் மாட்டின கதையா ஆகிடப்போகுதும்மா" என்பார்.

நெட்டைக்குத் தேற்றங்கள் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கோ கருவிகள் சொன்ன பேச்சைக் கேட்கும். அவன் நிரூபணங்களை அவளுக்கு எழுதிக் காட்டுவான். ஆய்வுக்கூடத்தில் அவள் அவனைக் கைபிடித்துக் கூட்டிப் போவாள். அவன் எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். பேச்சில் கொஞ்சம் மந்தம், நல்ல பிள்ளை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அது நடந்தது. கம்பிச்சுருள் ஒன்றில் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றி அளக்கும் சோதனை. நெட்டை குமிழைப் பிடித்திருந்தான்; அவள் அவனுக்குப் பின்னால் இருந்த மேசையில் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். மீட்டர் முள் எல்லையைத் தொட்டதும் "நிறுத்து!" என்று கத்தினாள். அவன் குமிழை இன்னும் திருப்பினான். சுருள் கருகிப் புகை கிளம்பியது.

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ஓடிவந்தார். "ரெட்டைப் படிப்பு படிக்கிறவங்களுக்கு ரெட்டைக் கவனம் வேணாமா?"

நெட்டை கருகிய சுருளைக் கழற்றி எடுத்தான். மறுநாள் அவன் கையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. இயற்பியலை விட்டுவிட்டுக் கணிதத்தோடு மட்டும் தொடர அனுமதி வேண்டும் என்று.

"ஒரு சுருள் எரிஞ்சதுக்கா ஓடறே?" என்றாள் அவள். "நான் நிறுத்துன்னுதானேடா சொன்னேன்?"

"நீ திருப்புன்னு சொன்னதா நினைச்சேன்."

அவன் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போய்விட்டான். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அந்த இரண்டு சொற்களும் மனதை விட்டுப் போகவில்லை. நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாள். நிறுத்து. திருப்பு. உயிரொலி மூன்றும் அப்படியே இருந்தன, மெய்கள்தான் மாறியிருந்தன. சட்டென்று பேனாவைக் கீழே வைத்தாள். இவன் பேசுகிறவர்களின் உதட்டையே ஏன் பார்க்கிறான்? பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசும்போதெல்லாம் ஏன் அவள் நோட்டை எட்டிப் பார்க்கிறான்?

அன்று மதியம் சுருள் சோதனையின் அறிக்கையை முடிக்க வேண்டும் என்று சொல்லி அவனை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தாள். மேசையில் ஒலி அதிர்வுகளை உண்டாக்கும் கருவியும் ஒரு ஹெட்போனும் இருந்தன.

"முதல்ல என் காதை அள. சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் விரலைத் தூக்கறேன். அப்புறம் உன்னுது."

அவன் அவளையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்விடுவான் என்று பயந்தாள். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் காதை அளந்தான். பிறகு ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டான்.

ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை இருவர் விரலும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தத்தில் எழுந்தன. இரண்டாயிரத்துக்கு மேல், மெய்யொலிகளின் கூர்மை இருக்கும் இடத்தில், அவள் ஒலியைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். அவன் கை மடியிலேயே கிடந்தது. அவளுக்குக் கண் கலங்கி எண்கள் மங்கின. குனிந்து எழுதினாள்.

"உயிர் கேக்குது. மெய்தான் கேக்கல" என்றான் நெட்டை, சிரிக்க முயன்று. "பள்ளிக்கூடத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுக்கப்புறம்தான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உடைஞ்சிடுவாங்க. நீயே சொல்லிடேன். எனக்கு வாய் வராது."

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் அந்த அளவுகளை இரண்டு கோடுகளாகப் போட்ட வரைபடத்தோடு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை செய்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நீலம் யாரு?"

"நான்தாம்மா. சிவப்பு அவன்."

அம்மா கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினார். "இதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறீங்க." விரல் நின்றது. "இங்கதான் பிரியறீங்க." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவனுக்கு என்மேல கோபம்னுல்ல நினைச்சேன்! உள்ளேருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டான். நானும் வீம்புக்குக் கூப்பிடறதையே விட்டுட்டேன்."

வாசற்படியில் நின்ற நெட்டைக்கு அது காதில் விழவில்லை. அம்மா எழுந்து போய், அவன் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு எழுத்தாக, "ஏன்டா சொல்லல?" என்று கேட்டார். அவ்வளவு உயரமானவன் குனிந்து அம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அவள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாள்.

காது மருத்துவர் தன் கருவியில் மறுபடி சோதித்துவிட்டு, அவள் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏறக்குறைய இதேதான். நரம்புக் குறை, திரும்பாது. காதுக் கருவி போட்டா நல்லாவே உதவும்" என்றார்.

காதுக் கருவி மாட்டிய முதல் வாரம் நெட்டை படாத பாடு பட்டான். காகிதம் புரள்வது இடியாகக் கேட்டது. பேருந்து பிரேக் போட்டால் துள்ளினான். இரண்டாம் வாரம் கணிதத் துறை அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டான். காரணம் எழுதச் சொன்னார் எழுத்தர். 'இயற்பியல் பிடித்திருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தான். எழுத்தர் இரண்டு தடவை படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே அவள் காத்திருந்தாள். அடுத்த வகுப்புக்கு ஆறு நிமிடம் இருந்தது. சுருள் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், பொறுப்பாளரிடம் புதுக் கம்பி கேட்க வேண்டும் என்று அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே நடந்தாள். சாலையைத் தாண்டியதும் அவன் நின்றான்.

"உன் குரல் நான் நினைச்சதைவிட மெல்லிசு."

"ஏமாந்துட்டியா?"

"இல்ல" என்றான். "பேசிக்கிட்டே வா."