வெள்ளம் பார்க்காத வண்டி

வண்டியை விற்பதற்கு ரகுபதியிடம் நல்ல காரணங்கள் இருந்தன. பத்து வருடத்துப் பழைய செடான். கிளட்ச் கனத்துவிட்டது. வேகத்தடை ஏறினால் முன்பக்கம் கடகடவென்கிறது. ஏசி குளிர்வதற்குள் அடையாறிலிருந்து தி.நகர் வந்துவிடுகிறது. டயர் நான்கும் வழுக்கை, இன்சூரன்ஸ் முடியப்போகிறது. ஒரு தடவை ஷெட்டுக்குப் போய்வந்தால் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைக் காணோம். கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னான். அத்தனையும் உண்மை. மனைவி ஜாஸ்மின் போனபிறகு அந்த இருக்கையில் உட்கார்ந்தால் கை சாவியைத் திருப்பாமல் அப்படியே நின்றுவிடுகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வாங்க நதீம் வந்தான். பாண்டி பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவன், வாய் ஓயாதவன். வண்டியைச் சோதிக்க கே.கே. நகர் மெக்கானிக் அம்மாசியைக் கூட்டி வந்திருந்தான்.

அம்மாசி பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"எஞ்சின் மவுண்ட் போய்கீது. முன்னாடி புஷ் எல்லாம் போய்கீது. கிளட்ச் மாத்தணும். பத்து வயசு வண்டிக்கு இதெல்லாம் சளி இருமல் மாதிரி பாய். பயப்பட ஒண்ணும் இல்ல."

"நீ சொல்ற இருமலுக்கு நான் கடைய வித்து வைத்தியம் பாக்கணும் போல கீதே," என்றான் நதீம்.

"பழைய வண்டி வாங்கறேன்னா மொதல் வருஷம் அப்டித்தான். அப்பால உன்னிய உட்டுட்டு எங்கியும் போவாது."

பிறகு டிக்கியைத் திறந்தார். விரிப்பைச் சுருட்டி, ஸ்டெப்னி சக்கரத்தைத் தூக்கி வெளியே வைத்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அந்தக் குழியின் தகரம் முழுக்கச் செம்பழுப்பாகப் பொரிந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினார். அப்பளம்போல் உதிர்ந்தது.

"பாய், இங்க வா. அடியில ரெண்டு ஓட்டை கீது பாரு. ரப்பர் மூடி போட்டு அடச்சிருக்கணும். ரெண்டும் இல்ல. தண்ணி பூந்த வண்டில அது எறங்கறதுக்கு மொதல்ல இதத்தான் புடுங்குவாங்க. வெள்ளத்துல முழுகின வண்டி இது."

"வெள்ளத்துல முழுகல," என்றான் ரகுபதி.

"யார் சார் ஒத்துப்பாங்க?"

அம்மாசி முன்பக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து முகர்ந்து பார்த்தார். சேறு இல்லை. "கழுவி வச்சிருப்பாங்க," என்று விட்டுவிட்டார்.

நதீம் ரகுபதியைத் தனியாக ஓரங்கட்டினான். குரலில் கோபமில்லை. "பிரதர், இந்த ஊர்ல மழைக்குத் தப்பின வண்டி எது? உங்க மேல தப்பு இல்ல. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கொஞ்சம் கொறச்சுக்கிட்டு நானே எடுத்துக்கறேன். இன்னிக்கே ஓட்டிக்கினு போயிடறேன்."

ஒரே ஒரு ஆமாம். வண்டி போய்விடும். நாளைக் காலை அந்த இடத்தில் வெறும் தரை இருக்கும். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தான். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

"அது மீன் தண்ணி," என்றான்.

நதீம் சிரித்துவிட்டான். "கார் டிக்கில மீனா?"

ரகுபதி சொன்னான். ஜாஸ்மினின் அம்மா மீன் விற்பவள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூடையோடு வந்தால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஏற்றமாட்டார்கள், ஏற்றினாலும் வழிநெடுகத் திட்டுவார்கள். ஒருநாள் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்த ஜாஸ்மின் அந்த வருடமே இந்த வண்டியை வாங்கினாள். சின்ன லோடு வண்டி வாங்கேன் என்றார்கள். எங்கம்மா கார்லதான் போவும் என்றாள். விடிவதற்குள் போய் மீன் ஏற்றிக்கொண்டு வந்து, குளித்து, ஆபீசுக்குப் போவாள். ஐஸ் உருகி டிக்கியில் தேங்கும் என்பதால் காசிமேட்டிலேயே அந்த ரப்பர் மூடிகளைப் பிடுங்கிவிடுவாள். வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வரும். சிக்னலில் பைக்கில் வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டி, மேடம் ரேடியேட்டர் லீக் என்பார்கள். இந்த வண்டிக்கு ரேடியேட்டர் பின்னாடிண்ணே என்பாள்.

அம்மாசி வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா சொல்லிச்சே அந்தப் பொண்ணு. இப்ப எங்க?"

"இல்ல. போன மழைக்கு டெங்கு."

சிரிப்பு நின்றது. அவளைப் பற்றி இத்தனை வாக்கியங்கள் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"நம்பலேன்னா அத்தையையே கேளுங்க. பக்கத்துலதான் வியாபாரம்," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சர்ச்சில் நடந்த நினைவுப் பூசைக்கு அப்புறம் அவன் அத்தை தேசம்மாவைப் பார்க்கவில்லை. ஜாஸ்மினின் முகவாய் அப்படியே அவளுக்கு. அதனாலேயே அவள் கடை இருக்கும் சாலையை விட்டுச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான்.

மூவரும் ஏறிக்கொண்டார்கள். சாவியைத் திருப்பினான். பின்னால் நதீம் கதவைச் சாத்திக்கொண்டிருந்ததால் கை தயங்க நேரம் கிடைக்கவில்லை.

பெசன்ட் நகர் போகும் வழியில், சாலையோரக் குடைக்குக் கீழே தேசம்மா உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்து தட்டில் கொஞ்சம் சங்கராவும் பாதி வஞ்சிரமும் மிஞ்சியிருந்தன. அவனைப் பார்ப்பதற்கு முன்பே வண்டியைப் பார்த்துவிட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வா நைனா. சாப்ட்டியா? இன்னா இப்டி எளச்சிப் போய்கீற?"

"சாப்ட்டேன் அத்தை."

"பொய் சொல்லாத."

நதீம் விஷயத்தைச் சொன்னான். தேசம்மா திறந்த டிக்கியைப் பார்த்தாள். முந்தானையால் கையைத் துடைத்தபடியே நின்றாள்.

"வெள்ளமும் இல்ல ஒண்ணும் இல்ல பாய். என் மீன் தண்ணிதான். கண்ணாட்டம் வச்சிருந்தா. என்னாலதான் துருப் புட்ச்சிச்சு." ரகுபதி பக்கம் திரும்பினாள். "அந்தக் கோவத்துலதான் இந்தப் பக்கமே வரலியா நைனா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

தேசம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். சில்லறைக்கு அடியிலிருந்து இரண்டு கறுப்பு ரப்பர் மூடிகளை எடுத்தாள். "புடுங்கினதும் என் கையில குட்த்துடுவா. பத்ரமா வெச்சிக்கோமா, தொலச்சீன்னா மழைத் தண்ணி உள்ள பூந்துடும்பா. கடசியா போனப்போ திரும்ப வாங்கிக்க மறந்துட்டா. ஜொரம் அப்பவே இருந்துச்சு. எனக்குத் தெரில."

அம்மாசி ஒரு மூடியை வாங்கிக் குனிந்து ஓட்டையில் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

"நான் சொன்னது தப்பு பாய்," என்றார். "வண்டி நல்ல வண்டி. முன்ன சொன்னதோட பின்னாடி தகரமும் மாத்தினா போதும்."

"அப்ப மொதல்ல பேசின ரேட்டுக்கே எடுத்துக்கறேன் பிரதர்," என்றான் நதீம்.

ரகுபதி தேசம்மாவைக் கேட்டான். "இப்ப காசிமேட்டுக்கு எப்டி அத்தை போறீங்க?"

"எங்க போறது? வேன்ல கொண்ணாந்து போடறவன்கிட்ட வாங்கறேன். அவன் குடுக்கறதுதான் மீனு." சட்டென்று குரலை மாற்றிக்கொண்டாள். "எனுக்கு இன்னா கொற. நீ வித்துடு நைனா. வச்சிக்கினு தெனம் பாத்துக்கினு இருந்தா மனசுதான் கெடும்."

அம்மாசி மூடியைக் கட்டைவிரலால் அழுத்தப் போனார்.

"போடாதீங்க," என்றான் ரகுபதி.

"ஏன் சார்?"

"நாளைக்கு மீன் தண்ணி இறங்கணும்."

அம்மாசி நதீமைப் பார்த்தார். நதீம் வண்டியையும் கிழவியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வஞ்சிரத்தைக் காட்டினான். "சரி, வந்ததுக்கு அதையாவது வெட்டிக் குடுங்கம்மா. என் வீட்ல கார் எங்கன்னு கேட்டா இதக் காட்டறேன்."

"இப்டியே ஓட்டினா தகரம் முழுசா போயிடும் சார்," என்றார் அம்மாசி.

"போகட்டும். போனதும் உங்க ஷெட்டுக்கு வரேன்."

தேசம்மா உட்கார்ந்து மீனை வெட்ட ஆரம்பித்தாள். அம்மாசியிடமிருந்து மூடியை வாங்கி ரகுபதி அவளிடம் நீட்டினான். மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதை மற்றதோடு சேர்த்துப் பைக்குள் போட்டுச் சுருக்கை இழுத்தாள்.

"காலீல நாலு மணிக்கெல்லாம் என் வூட்டாண்ட நிக்கணும் நைனா. அவ லேட்டாத்தான் வருவா. நீயும் அப்டி வராத."