நிற்காத நாலாவது எண்

தராசு எல்லாருக்கும் நின்றது. அவளுக்கு மட்டும் நிற்கவில்லை.

மருந்துப் பரிசோதனைக்கூடத்தில் எடை போடுவது அவள் வேலை. சாதாரணத் தராசு இல்லை அது. தட்டைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு, பக்கவாட்டில் சின்னக் கதவு. புள்ளிக்குப் பின்னால் நாலு எண் காட்டும். ஒற்றைத் தலைமுடியைப் போட்டாலும் நாலாவது எண் துள்ளும். கதவைத் திறந்து, கரண்டி நுனியால் தூளைச் சேர்த்து, மூடிவிட்டால் மூன்று நொடியில் எண் நின்றாக வேண்டும். அவள் போட்டால் இரண்டு, ஏழு, நாலு, ஒன்பது என்று கிறுக்குப் பிடித்த மாதிரி ஆடும்.

பழுதுபார்ப்பவர் வந்து பார்த்தார். "தராசு நல்லாத்தாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து மேசைக்காரர் போட்டால் உடனே நிற்கிறது. ஆடாமல் அசையாமல் வேலை செய்வதால் அவருக்குக் கல்லு என்றே பெயர்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சோதனை. மேலாளர் முன்னால் ஒரே தூளை ஐந்து தடவை எடை போட வேண்டும். ஐந்தும் ஒத்துப்போகவில்லை என்றால் லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். மூன்று வருடம் அங்கே ஒட்டிவிட்டுத்தான் இந்த நாற்காலிக்கே வந்திருந்தாள்.

வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போனாள். அவள் படும் பாட்டைப் பார்த்துத்தான் தங்கச்சி போனில் ஒரு பயிற்சியைப் போட்டுக் கொடுத்திருந்தாள்: தினமும் காலையில் பத்து நிமிஷம் மூச்சைக் கவனிப்பது.

"மூச்சை மாத்தாதக்கா. சும்மா கவனி, போதும்."

"மூணு வாரமா கவனிக்கிறேன். இப்ப மூச்சு விடவே மறந்துபோச்சுடி."

"அப்புறம் எப்படி உயிரோட பேசுற?"

சிரிப்பு வந்தது, படபடப்பு போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மனசு நேரே தராசுக்கு ஓடியது. கரண்டி பிடித்திருப்பது போல வலது கை தானாக உயர்ந்தது. மூன்று வாரப் பழக்கத்தில் அவள் மூச்சைத் தேடினாள். மூச்சைக் காணோம்! நெஞ்சுக்குள் அடைபட்டுக் கிடந்தது. கை இறங்கியதும் புஸ்ஸென்று வெளியே வந்தது.

ஒரு மணி நேரம் முன்னாலேயே வேலைக்கு ஓடினாள்.

"கல்லு அண்ணே, நான் எடை போடுறேன். தராசைப் பாக்காதீங்க, என் வாயைப் பாருங்க."

"காலங்காத்தால இது என்ன வம்பு?"

பார்த்தார். பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தூள் விழுற வரைக்கும் மூச்சே விடலம்மா நீ. விழுந்ததும், கதவை மூடுறதுக்குள்ள, அதுக்கு நேரா ஊதுற. தட்டு மேல புயல் அடிக்குது!"

எல்லாம் விளங்கிவிட்டது. மூச்சுக்காற்று வெதுவெதுப்பானது; கதவை மூடியதும் அது கூண்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சுழல்கிறது, தட்டைத் தூக்கி இறக்குகிறது. எண் ஆடுவதைப் பார்த்து அவள் பயப்படுவாள். பயந்தால் அடுத்த தடவை மூச்சை இன்னும் அழுத்திப் பிடிப்பாள், இன்னும் பலமாக ஊதுவாள்.

பத்து மணி. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அவள் வியர்த்த உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். முதல் எடை நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதில் பழையபடி நெஞ்சு அடைத்தது. இந்தத் தடவை அது அவளுக்குத் தெரிந்தது. கரண்டியை வெளியே எடுத்தாள், முகத்தைத் திருப்பி மூச்சை விட்டாள், மறுபடி போட்டாள். நின்றது. ஐந்தும் ஒத்துப்போயின.

"நேத்து வரைக்கும் ஆடிச்சே, என்ன பண்ணீங்க?" என்றார் மேலாளர்.

"பயம் அப்படியேதான் சார் இருக்கு. கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி முகத்தைத் திருப்பி மூச்சை முழுசா விடுறேன். போடும்போது பிடிக்காம மெதுவா மூக்கால விடுறேன், முகத்தைக் கூண்டுக்கு மேல வச்சுக்கிறேன். மூடினதும் கையை மடியில வச்சு மூணு மூச்சு எண்ணுறேன். அப்புறம்தான் எண்ணைப் பாக்குறேன்."