பாதி தாழ்ந்த இருக்கை

சிங்கப்பூரில் க்வான்டம் கணினிகளுக்கான நிரல்மொழி மாநாடு நடந்தபோது, இரண்டாம் நாள் மதியம், தியோ பெய் லிங் கீழ் அரங்கிலும் மேல் அரங்கிலும் ஒரே நேரத்தில் இருந்தாள். கீழே பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள், மேலே மேடையில் நின்று பேசினாள். இரண்டு இடத்திலும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அன்று வெளியே மழை. குளிர்சாதனம் வழக்கம்போல எலும்பைக் குத்தியது. கோழிச்சோற்றில் கோழி தீர்ந்துபோய்ப் பலருக்கு வெறும் சோறுதான் கிடைத்தது.

அவளும் டெஸ்மண்ட் க்வெக்கும் ஆறு வருஷம் சேர்ந்து பாசிர் என்றொரு நிரல்மொழியைக் கட்டியவர்கள். க்வான்டம் கணினிக்குள் இருக்கும் க்யூபிட் என்ற தகவல் துணுக்கு அளந்து பார்க்கும்வரை இரண்டு நிலையிலும் இருக்கும், பார்த்த நொடியில் ஒன்றில் விழுந்துவிடும், நகலெடுக்கவும் முடியாது. ஆகவே பாசிருக்கு ஒரே சட்டம்: ஒரு பொருளை இரண்டு இடத்தில் பயன்படுத்தினால் நிரல் ஓடாது. பிறகு சண்டை வந்து டெஸ்மண்ட் பிரிந்துபோனான். இப்போது கீழ் அரங்கில் ‘பாசிரில் ஓர் ஓட்டை’ என்று அவன் பேச்சு. அதே மணிக்கு மேலே அவள் பேச்சு. பாசிரைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவெடுக்கும் குழு அங்கே முன்வரிசையில். ஓட்டை எது என்று டெஸ்மண்ட் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. குழு அதைப் பற்றிக் கேட்டால் அவளிடம் பதில் இல்லை. நேரத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சியும் அமைப்பாளர்கள் மசியவில்லை.

பெய் லிங்கின் அப்பா கப்பல் பட்டறையில் துரு சுரண்டியவர். தலைக்கு மேல் இரும்புத் தகடு தொங்கும்போது கண்ணை மூடக் கூடாது என்பார். அப்படியே பல இரவுகள் விழித்துக் கிடந்தவள், அன்று காலை அந்த ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். கீழே ஓர் இருக்கையின் கைப்பிடியில் ஒரு டிஷ்யூ பாக்கெட், மேலே பேச்சாளர் நாற்காலியில் இன்னொன்று. உணவங்காடியில் மேசை பிடிப்பதும் இப்படித்தான். பாக்கெட் கிடந்தால் அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள், போட்டவர் அங்கேயே இருப்பதாகத்தான் கணக்கு. மணி இரண்டானதும் இரண்டு இடமும் அவளைத் தம்மிடம் வைத்துக்கொண்டன.

கீழே மடக்கு இருக்கை அவள் எடைக்குப் பாதிதான் தாழ்ந்தது. மேலே அமர்வை நடத்திய ரோஸ்னா ஒலிவாங்கியை அவள் உதட்டோடு ஒட்டி வைத்தாள்.

“என்னடி, பாதிதான் வந்திருக்க? சாப்பிட்டியா இல்லியா?”

“மீதி கீழ இருக்கு அக்கா. சாப்பிடல.”

“சரி சரி, இருக்கற பாதியை வச்சு சத்தமா பேசு.”

கீழே டெஸ்மண்ட் மேடையிலிருந்தே அவளைப் பார்த்துவிட்டான்.

“அட, மேல உனக்குப் பேச்சு இல்ல?”

“அங்கயும்தான் இருக்கேன்.”

“கியாசு லா நீ, எதையும் இழந்துடுவோமோன்னு பயம்! தட்டுல ஒண்ணையும் அடுத்தவனுக்கு விடமாட்ட.”

கூட்டம் சிரித்தது. ஆபத்து பக்கத்து இருக்கையில் இருந்தது. ஹென்ட்ரிக் என்ற டச்சுக்காரர், ஊருக்குப் புதியவர், குளிரில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தார். கைப்பிடியில் கிடந்த பாக்கெட்டைக் காட்டி எடுத்துக்கொள்ளலாமா என்றார். “எடுக்காதீங்க” என்றாள். பாதிக் குரலில் அது அவருக்கு “எடுங்க” என்றுதான் கேட்டது. “பெரிய மனசும்மா உங்களுக்கு” என்று பிரித்து மூக்கைச் சிந்தினார். ஒவ்வொரு தாளுக்கும் இருக்கை கொஞ்சம் மேலே எழும்பியது. அவள் முழங்கால் வழியே இருக்கைத் துணியின் நீலம் தெரிந்தது. டெஸ்மண்டோ பழங்கதையும் நையாண்டியுமாக இழுத்துக்கொண்டிருந்தான். மேலே அவள் நேரம் கடத்த, காட்டிய படத்தையே திரும்பக் காட்டினாள், தாகமில்லாமல் தண்ணீர் குடித்தாள், குழுத்தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்தாள். ஹென்ட்ரிக் மறுபடி தும்மினார்.

கடைசியில் டெஸ்மண்ட் நாலு வரி நிரலைத் திரையில் போட்டான். “சுழற்சியில பாசிர் முதல் சுத்தை மட்டும் பாத்துட்டுத் தலையாட்டுது. மறு சுத்துல அதே பொருள் மறுபடி உள்ள போகுது. கட்டினப்போ நானும்தான் கவனிக்கல.” கடைசித் தாளும் போயிற்று. இருக்கை டப்பென்று மூடிக்கொண்டது. மேலே பெய் லிங்கின் மொத்த எடையும் வந்து இறங்கியதில் மேடைப் பலகை முனகியது, முழுக்குரல் பட்ட ஒலிவாங்கி கூவியது.

குழுத்தலைவர் கேட்டார்: “உங்க மொழியில ஓட்டைன்னு கீழ ஒருத்தர் பேசறாராமே. உண்மையா?”

இல்லையென்று சொல்லியிருக்கலாம். அந்த அரங்கில் வேறு யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

“உண்மைதான். இப்பத்தான் கேட்டுட்டு வரேன்” என்று நாலு வரியையும் பலகையில் எழுதினாள். “பொருள் ரெண்டு இடத்துல இருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டோம். இடம் பிடிச்சு வைக்க ஒரு சொல் குடுக்கல. அது இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு உருவி எடுக்கணும். தீர்ந்தா சுத்து நின்னுடும்.”

“என்ன சொல்?”

“டிஷ்யூ.”

குழு முணுமுணுத்துக்கொண்டே பாசிருக்கு ஒரு வருஷம் கொடுத்தது, பிறகு அதை நீட்டிக்கொண்டே போனது. டெஸ்மண்ட் திரும்பி வந்தான், வாரம் தவறாமல் சண்டை போட்டான். இன்று பாசிர் படிக்கிறவர்கள் டிஷ்யூவைத்தான் முதலில் படிக்கிறார்கள், ஏன் அந்தச் சொல் என்று கேட்பதில்லை. பெய் லிங் மேல் அரங்கில் பேசும் நாட்களில் கீழே அந்த இருக்கை பாதி தாழ்ந்துவிடும். ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தார்கள், எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். இப்போது கைப்பிடியில் புதுப் பாக்கெட் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஆளுக்கொன்று தனியாகக் கொடுத்துவிடுகிறார்கள்.