பிளாக்கனின் நிழல்

குன்வோர் வீட்டுக் குதிரை பிளாக்கனுக்கு மூன்று வயதில் காயடித்தார்கள். அதன் நிழலுக்கு அடிக்கவில்லை. அன்று மழை. மேகம் அந்த வடகோடியின் லிங்கன் மலைகளின் இடுப்புவரை இறங்கிக் கிடந்ததால் தரையில் நிழல் என்று ஒன்று விழவேயில்லை. கால்நடை டாக்டரம்மா ஹெர்டிஸ் வேலையைச் சுத்தமாக முடித்தார், கையைக் கழுவினார், வெண்ணெய் தடவிய லெஃப்ஸே ரொட்டியோடு இரண்டு கோப்பை காபி குடித்துவிட்டு அடுத்த பண்ணைக்குப் போனார். அடுத்த வாரம் வெயில் வந்தது. கொட்டகையின் சிவப்புச் சுவரில் பிளாக்கனின் நிழல் கழுத்தை வில்லாக வளைத்து, வாலைத் தூக்கி, காயடிக்காத ஒரு பொலிகுதிரைக்கு இருக்கவேண்டிய எல்லாவற்றோடும் நின்றது. குன்வோரின் கணவர் ஓத்மார் அதைப் பார்த்தார். புல் அறுக்கிற காலம் என்பதால் வேலைக்குப் போய்விட்டார்.

நிழல் போகிற வழியில்தான் உடம்பு போயிற்று. மேகமூட்டமான நாளில் பிளாக்கன் ஆட்டுக்குட்டி. வெயில் அடித்தால் மேல்உதட்டைச் சுருட்டி, முன்காலால் மண்ணைக் கிளறி, வழியில் கிடக்கிற லத்தியை எல்லாம் மோந்து பார்த்து, அதன்மேல் தன் லத்தியைப் போட்டுவிட்டுத்தான் நகரும். பெட்டைக்குதிரைகளைக் கண்டால் கீச்சென்று கத்தும். மற்றவர்களின் குதிரைகளை வேலியோரம் விரட்டிக் கடிக்கும். தண்ணீர் காட்டக் கூட்டிப்போகிற ஆளைத் தோளால் இடித்துக்கொண்டு குறுக்கே நடக்கும். அந்தப் பக்கத்து ஜனங்கள் கோபம் வந்தால் குதிரையின் குறியைச் சொல்லித்தான் திட்டுவார்கள், பாசம் வந்தாலும் அப்படித்தான். பிளாக்கனிடம் மட்டும் அந்த வசவு எங்கே போய் ஒட்டுவது என்று தெரியாமல் பாதியில் நின்றது.

ஹெர்டிஸ் இரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்தார். பொலிகுதிரைச் சுரப்பு சொட்டுக்கூட இல்லை என்று பதில் வந்தது.

"அப்ப இது யாரோட வேலை?" என்று குன்வோர் கேட்டாள்.

"நிழலோடதுதான். அன்னைக்கு மழை பேஞ்சுது, குன்வோர். நிழல் விழுந்திருந்தா சேத்தே எடுத்திருப்பேன்."

ஒரு ஜூலை மாதம் நல்ல வெயிலில் இன்னொரு தடவை முயன்றார்கள். மயக்க ஊசி போட்டதும் குதிரை படுத்தது. குதிரை படுத்ததும் நிழல் அதற்கு அடியில் புகுந்துகொண்டது. நிற்கவைத்து வெட்டலாம் என்றால் நிழல் உதைத்தது, ஹெர்டிஸின் பை வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பையைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர், பெட்டைகளோடு விடாதே, சும்மா நிற்கவிடாதே, மூக்குத்தண்டின் மேல் சங்கிலி போட்டுப் பிடி, தோளுக்கு நேராக நில், அவன் முன்னால் வந்தால் நீ நகராதே, அவனைப் பின்னால் நகர்த்து, தலையைத் தாழ்த்தும்வரை விடாதே, எக்காரணம் கொண்டும் கோபப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனார். குன்வோர் எல்லாவற்றையும் செய்தாள். ஒருநாள் செய்வது பெரிதில்லை. வருடக்கணக்கில், லாயத்திலிருந்து தொட்டிவரை போக எடுக்கிற ஒவ்வொரு அடியிலும் செய்யவேண்டியிருந்தது. கோடையில் அங்கே சூரியன் இறங்குவதே இல்லை, ஆகவே அவளுக்கும் ஓய்வில்லை. சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கைத் தோலுரிக்கும்போதே அவள் இடக்கை தானாக உயர்ந்து, இல்லாத கயிற்றைப் பிடித்து, இல்லாத தலையைப் பின்னால் தள்ளும். ஓத்மார் மீன் தட்டை அவள் பக்கம் நகர்த்துவார்.

சாலைக்கு எதிர்ப்புறம் ஐலிஃபின் மேய்ச்சல் நிலம். கல்யாணம் கட்டாத மனிதர், மூன்று பெட்டைகள் வைத்திருந்தார். ஒரு மே மாதம் அந்தப் பெட்டைகளின் பக்கத்தில் குட்டி நிழல்கள் ஓட ஆரம்பித்தன. குட்டிகள் இல்லை, நிழல்கள் மட்டும்.

"குன்வோர், என் பெட்டைங்க எளைச்சுப் போச்சுங்க," என்றார் ஐலிஃப், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. "யாருக்குப் பால் குடுக்குறோம்னே தெரியாம குடுக்குதுங்க. தீனிச் செலவு யாருது?"

"நான் என்ன பண்ணட்டும் ஐலிஃப், வெயிலுக்குக் கதவா போட முடியும்?"

"உங்க டாக்டரம்மா அன்னைக்கு எதை வெட்டுனாங்கன்னு நல்லாப் பாத்தியா? ஓத்மாரும் அதுக்கப்புறம் ரொம்ப சாதுவாயிட்டான், அதான் கேக்குறேன்."

அவள் சிரிக்கத்தான் நினைத்தாள். முகம் இடங்கொடுக்கவில்லை.

செப்டம்பரில் சூரியன் தாழ்ந்தது, நிழல்கள் நீண்டன. ஒரு சாயங்காலம் குன்வோர் காய்ச்சலில் படுத்துவிட, ஓத்மார்தான் பிளாக்கனைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனார். நிழல் மறுபடியும் சாலையைத் தாண்டி ஐலிஃபின் பெட்டைகளைத் தொடும் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. நிழல் போனது, பின்னாலேயே பிளாக்கன் போனது, கயிற்றைக் கையில் சுற்றியிருந்த ஓத்மாரும் போனார். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ட்ரொம்ஸோ ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோல்களோடு திரும்பியவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "அதை அனுப்பிரு," என்றார்.

"அது மேல தப்பில்ல."

"தெரியும். என் இடுப்பு மேலயும் தப்பில்ல. நான் அதுக்காகச் சொல்லல, குன்வோர். உன் மூஞ்சியப் பாத்து எத்தன வருஷமாச்சு? எப்பப் பாத்தாலும் குதிரைக்கு அந்தப் பக்கமே நிக்குற."

சூரியன் வராத இருட்டுக்காலத்தில் விறகு இழுக்க வேறு குதிரை இல்லாததால், சூரியன் திரும்பும் நாளில் இறைச்சிக்கூடத்து லாரி வரட்டும் என்று முடிவாயிற்று.

நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போனது, பிறகு வரவில்லை. பிளாக்கன் அடங்கியது. நிலா வெளிச்சத்தில் நிழல் விழத்தான் செய்யும், ஆனால் அரைத்தூக்கத்தில் விழும். குன்வோர் நாலு குளம்பையும் தூக்கிச் சுரண்டினாள், வயிற்றுக்கு அடியில் தேய்த்தாள், சங்கிலி இல்லாமல் ஐலிஃபின் பெட்டைகளுக்கு நடுவிலேயே கூட்டிப்போனாள். ஒருநாள் அதன் கழுத்தில் நெற்றியைச் சாய்த்தவள் நின்றபடியே தூங்கிப்போனாள். அவள் விழிக்கும்வரை அது காலை மாற்றிவைக்கவில்லை. அன்று வீட்டுக்குள் வந்து, பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டே அழுதாள். ஓத்மார் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வந்து, மாவுக் கையோடு இருந்தவளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சூரியன் திரும்புகிற நாளில் ஊரெல்லாம் ஜாம் வைத்த பன் தின்பார்கள். லாரிக்காரரும் சாலையோரம் வண்டியை நிறுத்தி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். நடுப்பகலில் மலைப்பிளவு வழியாக வெளிச்சம் வந்தபோது, குன்வோர் பிளாக்கனோடு முற்றத்தின் பாதியில் இருந்தாள். இரண்டு மாதம் பட்டினி கிடந்த நிழல் பனியின்மேல் ஃபியோர்டுக் கடலின் விளிம்புவரை நீண்டு எழுந்தது. எதிரே பெட்டைகள் கனைத்தன. பிளாக்கன் கழுத்தை வளைத்துக் கத்தியது. அவள் சங்கிலியை இழுக்கவில்லை. இழுக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியதால் சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் பனியில் தன் நிழலைப் பார்த்தாள். அது பொலிகுதிரையின் தலைக்குப் பக்கத்தில், சும்மா, கையைத் தொங்கப்போட்டு நின்றது. இத்தனை வருடமும் யாருமே அந்த நிழல் குதிரையைப் பிடித்ததில்லை என்று அவளுக்குப் பட்டது. அரை அடி இடப்பக்கம் நகர்ந்து, கையை உயர்த்தினாள். அவள் நிழலின் கை குதிரை நிழலின் தலைக்கயிற்றைப் பிடித்தது. தோளுக்கு நேராக நின்று, ஓர் அடி பின்னால் தள்ளினாள். பொலிகுதிரை காதைப் பின்னால் மடக்கியது, முன்காலைத் தூக்கியது, பிறகு ஓர் அடி பின்வாங்கியது. பிளாக்கனும் பின்வாங்கியது. அவள் காத்திருந்தாள். தலை தாழ்ந்தது.

லாரிக்காரர் விரலில் ஒட்டிய ஜாமை நக்கிக்கொண்டே, "ஏத்தணுமா, வேணாமா? எனக்கு இன்னும் ரெண்டு எடம் போகணும்," என்று கத்தினார்.

ஜன்னல் திறந்தது. "காபி குடிச்சிட்டுப் போகச் சொல்லு அவர," என்றார் ஓத்மார். "வெறும் வண்டியாவே போகட்டும்."

அதற்குப் பிறகு பிளாக்கனிடம் போகிறவர்கள் குதிரையைப் பார்ப்பதற்கு முன் சூரியனைப் பார்த்தார்கள். லாடம் அடிக்க வருகிறவர் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தினார், அவர் நிழலும் ஒரு குளம்பைப் பிடித்துக்கொண்டது. குன்வோரின் இடக்கை மேசையில் அமைதியாகக் கிடந்தது. ஐலிஃப் குட்டி நிழல்களுக்கும் சேர்த்துத் தீனி போடப் பழகினார், பெட்டைகள் தேறின.

வேலை குறையவில்லை, ஆள் மாறியது, அவளுக்குப் பதில் அவள் நிழல் பாடுபட்டது, அவ்வளவே. ஒரு கோடையில் பொலிகுதிரை எட்டி உதைத்ததில் குன்வோரின் நிழல் நொண்ட ஆரம்பித்தது. அவள் நேராகத்தான் நடந்தாள். ஹெர்டிஸ் வந்து பார்த்து, குன்வோரின் நல்ல காலில் இறுக்கமாகக் கட்டுப் போட்டார். நிழலின் காலிலும் கட்டு விழுந்தது, மூன்று வாரத்தில் ஆறியது. ஆனாலும் அதற்கு வயதாகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து குன்வோர் வீட்டுக்குள் போனபிறகு, அணையாத அந்த வெயிலில் அது அவளோடு உள்ளே போகத் தெம்பில்லாமல் கொட்டகைச் சுவரோரம் குந்திவிடும். டிராக்டரில் வருகிற ஐலிஃப் அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போவார். சில நாள் பார்த்த ஓத்மார், ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டே சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ச் சுவருக்குப் பக்கத்தில் போட்டு, வெயில் எப்படி விழுகிறதென்று பார்த்து இரண்டு தடவை நகர்த்திவைத்தார். நாற்காலியின் நிழல் சரியான இடத்தில் விழுந்ததும், குன்வோரின் நிழல் எழுந்து, அதில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டது.