எட்டுக் கம்பி

வீட்டில் இரண்டு சீக்காளிகள். ஒருவர் என் வீட்டுக்காரர் மருது, இன்னொன்று அவருடைய மேண்டலின். இரண்டையும் துடைத்து எடுத்து வைப்பது நான்தான்.

மேண்டலின் இத்தாலியில் செய்தது, எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது. பாதிப் பூசணி மாதிரி முதுகு, எட்டுக் கம்பி. வியர்வைக் கை பட்டால் கம்பி துருப்பிடிக்கும். மதுரை வெயிலுக்குப் பசை இளகும், மழைக்குப் பலகை ஊறும். கம்பியை முறுக்கியே வைத்தால் முன்பலகை உள்ளே அமுங்கிவிடுமாம், அதனால் வாசித்து முடித்ததும் தளர்த்த வேண்டும். பூச்சிக்குப் பெட்டிக்குள் வசம்பு. இதெல்லாம் முன்பு அவரே பார்த்துக்கொண்டதுதான். ஆபீஸ் விட்டு வந்தால் மேண்டலின், திருவிழா வந்தால் மெல்லிசைக் கச்சேரி. தாளம் தப்பினால் தபேலாக்காரரை மேடையிலேயே திட்டுவார். குழம்பில் உப்புக் குறைந்தால் என்னை.

எண்பத்திரண்டாம் வருஷம், வண்டியூர் தெப்பத் திருவிழாவுக்கு முந்தின வாரம், வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, கோபம் திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்றார். அந்தக் குரலைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து, அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அதற்கு மேல் எட்டுக் கம்பி துடைக்க வேண்டும். அலுத்துப்போனேன்.

"மேண்டலின இஸ்மாயிலண்ணன்கிட்டக் குடுத்துருவமா?" என்றேன்.

"உன் இஷ்டம்."

சேக் இஸ்மாயில் டவுனில் வாத்தியங்கள் பழுதுபார்க்கிறவர், இவருடைய கூட்டாளி. அவர் வாங்கிப்போக வந்தது விஜயதசமியன்று காலையில். முந்தின நாள் சரஸ்வதி பூஜைக்கு வைத்த இடத்திலேயே, என் பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் மேண்டலின் இருந்தது. கம்பிகளை முறுக்கிச் சுதி சேர்த்தவர், அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை.

"பூசைக்கு வச்சத இன்னைக்கு ஒரு வரியாச்சும் வாசிக்கணும்ல தங்கச்சி? வாசிக்காம நான் கொண்டுபோக மாட்டேன்."

"நீங்களே வாசிங்கண்ணே."

"வச்ச வீட்டு ஆளுக கைதான் வாசிக்கணும்."

எனக்கு எரிச்சல். இன்றைக்காவது இது வீட்டை விட்டுப் போகாதா? மேண்டலினை என் வீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டு, வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன்.

"இடது கை நல்லாத்தான இருக்கு. நீங்க கம்பிய அமுக்குங்க, நான் மீட்டுறேன். சட்டுனு முடிப்போம்."

மீட்டுகிற சின்ன வில்லையைப் பிடித்துக் கம்பியில் இழுத்தேன். தகர டப்பாவைத் தட்டின மாதிரி சத்தம். அவர் விரல்கள் மெல்ல நகர்ந்தன. அவர் அமுக்க, நான் இழுக்க, எப்படியோ ஒரு வரி வந்தது. அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் முதல் வரியிலேயே தடுமாறிக்கொண்டிருந்தேன்.

"ஏய் கூறுகெட்டவளே! தாளம் எங்க போகுது, நீ எங்க போற? காது அவிஞ்சுபோச்சா?"

வீடே அதிர்ந்தது. இஸ்மாயிலண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என் அலுப்பு எங்கேயும் போகவில்லை, தோள்பட்டை விண்விண்ணென்று வலித்தது. ஆனால் அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை மாசமாச்சு! கண் நிறைந்துவிட்டது.

"செல்லத்தாயி, மொதல்ல இருந்து வா," என்றார்.

வில்லையை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நீங்க போயிட்டு வாங்க," என்றேன். "இவரு இன்னும் திட்டி முடிக்கல."